எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள்: டாம்கேட் சர்வரில் டேட்டாபேஸ் இணைப்புக்கான குறிப்புகள்

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்து வந்தவர்களுக்குத் தெரியும். அண்டா எத்தனை, கரண்டி எத்தனை என்று எண்ணி வாங்கி, காரியம் முடிந்ததும் எண்ணித் திருப்ப வேண்டும். டாம்கேட்டில் ஓடும் ஜாவா அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் இணைப்பும் அப்படித்தான், இரவல் பொருள். எத்தனை வாங்கலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், திருப்பித் தராதவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடாது. என்னை நடுராத்திரியில் எழுப்பிய போன்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு எங்கோ தவறியதால் வந்தவை. அடுத்தவர் தூக்கமாவது கெடாமல் இருக்கட்டும் என்று, நான் கைப்பட அறிந்தவற்றை எழுதுகிறேன்.

1. ஒவ்வொரு செர்வ்லெட்டிலும் டிரைவர்மேனேஜரை அழைத்துப் புது இணைப்பு திறக்காதீர்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். படிப்பதற்கு அது சரி, ஓட்டுவதற்குச் சரிவராது. ஒரு இணைப்பு திறக்க நெட்வொர்க்கில் கைகுலுக்க வேண்டும், பாஸ்வேர்டு சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸே உருவாகிறது. ஒரு வரி படிக்க இவ்வளவு செலவு கூடாது. சிலர் இதற்கு மாற்றாக ஒரே இணைப்பை ஸ்டாட்டிக் வேரியபிளில் வைத்து எல்லோருக்கும் பகிர்வார்கள். அது இன்னும் மோசம். ஒருவர் கமிட் செய்யும்போது இன்னொருவர் பாதியில் எழுதி வைத்ததும் சேர்ந்து கமிட் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவழி கனெக்‌ஷன் பூல். திறந்து வைத்த சில இணைப்புகளை ஓரிடத்தில் வைத்து, கேட்டவருக்குக் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்வது.

2. டிரைவர் ஜார் கோப்பு டாம்கேட்டின் லிப் போல்டரில் இருக்க வேண்டும். பூலை நடத்துவது டாம்கேட்; அது உங்கள் அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் போல்டருக்குள் எட்டிப் பார்க்காது. "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு இடத்திலும் போடாதீர்கள். ஒரு இடம், ஒரே வெர்ஷன். வைத்த பிறகு டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

3. பூலின் விவரங்களைச் சொல்லும் ரிசோர்ஸ் வரியை எங்கே எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். அப்ளிகேஷனின் மெட்டா-இன்ஃப் போல்டரில் உள்ள காண்டெக்ஸ்ட் கோப்பில் எழுதலாம். டாம்கேட்டின் கான்ஃப் போல்டருக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்ற இடத்தில் அப்ளிகேஷன் பெயரிலேயே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வைத்தும் எழுதலாம். இரண்டிலும் இருந்தால் கான்ஃப் போல்டரில் உள்ளதுதான் செல்லும். வார் கோப்பில் மாற்றி மாற்றிப் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பழைய கோப்பு ஒன்று படுத்திருக்கும்.

கான்ஃப் போல்டரின் பொதுவான காண்டெக்ஸ்ட் கோப்பில் எழுதுவதை மட்டும் தவிருங்கள். அங்கே எழுதினால் அந்த டாம்கேட்டில் உள்ள ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனித்தனி பூல் உருவாகும். ஐந்து அப்ளிகேஷன் இருந்தால் ஐந்து பூல். பல அப்ளிகேஷன்கள் ஒரே பூலைப் பகிர வேண்டுமென்றால் சர்வர் கோப்பின் குளோபல் பகுதியில் ஒருமுறை எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ரிசோர்ஸ்லிங்க் கொடுங்கள்.

4. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ரிசோர்ஸில் ஒரு பெயர், வெப் எக்ஸ்எம்எல்லில் ஒரு பெயர், கோடில் ஒரு பெயர் என்று மூன்று இடத்தில் வரும். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் போச்சு. கோடில் தேடும்போது முன்னால் 'ஜாவா, காம்ப், என்வ்' என்ற பாதை சேர வேண்டும். 'இந்தப் பெயர் இந்தக் காண்டெக்ஸ்டில் கட்டப்படவில்லை' என்று பிழை வந்தால் பெயர்ப் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம். 'டிரைவர் கிளாஸ் காலி, யூஆர்எல் நல்' என்று வந்தால், பெயர் இருக்கிறது, அதற்குரிய விவரம் கிடைக்கவில்லை. ரிசோர்ஸ் வரி தவறான கோப்பில் கிடக்கிறது, அல்லது ரிசோர்ஸ்லிங்க் விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டாவது பிழையைப் பார்த்துவிட்டு டிரைவர் ஜாரை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பகலை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

5. யூஆர்எல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைச் சேர்க்க ஆம்பர்சண்ட் குறி போடுவோம். எக்ஸ்எம்எல் கோப்பில் அதை அப்படியே போடக்கூடாது. குறி, அதன்பின் ஏ, எம், பி, அதன்பின் அரைப்புள்ளி என்று விரித்து எழுத வேண்டும். இல்லையேல் கோப்பே படிக்கப்படாது.

6. எந்தப் பூல் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அதற்குரிய பெயர்களில் எண்களை எழுதுங்கள். இந்தக் குறிப்பில் மட்டும் கொஞ்சம் நின்று போகிறேன். நான் பட்டது இதில்தான் அதிகம்.

டாம்கேட்டோடு இரண்டு பூல்கள் வருகின்றன. எதுவும் சொல்லாவிட்டால் டாம்கேட் 8 முதல் டிபிசிபி 2 ஓடும். ஃபேக்டரி என்ற இடத்தில் டாம்கேட்டின் சொந்த ஜேடிபிசி பூலைக் குறிப்பிட்டால் அது ஓடும். இரண்டும் ஒரே விஷயத்துக்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கின்றன. அதிகபட்ச இணைப்பு எத்தனை என்பது டாம்கேட் பூலில் மேக்ஸ்ஆக்டிவ். டிபிசிபி 2-இல் மேக்ஸ்டோட்டல். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது ஒன்றில் மேக்ஸ்வெயிட், மற்றதில் மேக்ஸ்வெயிட்மில்லிஸ். டாம்கேட் 7 காலத்தில் இருந்த பழைய டிபிசிபி-யிலும் மேக்ஸ்ஆக்டிவ், மேக்ஸ்வெயிட் என்றே பெயர்கள் இருந்தன. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டாம்கேட் 7-லிருந்து 8-க்கு மாறினோம். காண்டெக்ஸ்ட் கோப்பை அப்படியே எடுத்து வைத்தோம். அதில் மேக்ஸ்ஆக்டிவ் 100, மேக்ஸ்வெயிட் 10,000 மில்லி செகண்ட் என்று இருந்தது. சனிக்கிழமை சோதித்தபோது எல்லாம் ஓடியது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் வந்ததும் பக்கங்கள் சுற்ற ஆரம்பித்தன. பிழை எதுவும் வரவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தன. சிபியு சும்மா இருக்கிறது, மெமரி சும்மா இருக்கிறது, டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் எடுத்துப் பார்த்தால் டாம்கேட்டின் 200 த்ரெட்களில் ஏறக்குறைய எல்லாமே பூலின் வாசலில் இணைப்புக்காக நின்றுகொண்டிருந்தன.

டிபிசிபி 2 பழைய பெயர்களை ஏற்பதில்லை. அறியாத பெயர் என்று ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்கிறது. அதிகபட்சம் 8 இணைப்பு. காத்திருக்கும் நேரம் மைனஸ் 1, அதாவது எல்லையே இல்லை. 100 என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் 8 இருந்தது. பத்து செகண்டில் பிழை வரும் என்று நம்பிய இடத்தில் முடிவில்லாத காத்திருப்பு இருந்தது. டாம்கேட் தொடங்கும்போதே லாகில் ஒரு எச்சரிக்கை வரி எழுதியிருந்தது. மேக்ஸ்ஆக்டிவ் இப்போது பயன்படாது, மேக்ஸ்டோட்டல் போடு, நீ கொடுத்த 100 புறக்கணிக்கப்படுகிறது, இயல்பு மதிப்பு 8 என்று விவரமாகவே சொல்லியிருந்தது. சனிக்கிழமை முழுவதும் அந்த வரி எங்கள் கண் முன்னால் இருந்தது, யாரும் படிக்கவில்லை. அன்றிலிருந்து எந்த டாம்கேட்டைத் தொடங்கினாலும் முதல் நூறு வரிகளை உட்கார்ந்து படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.

7. காத்திருக்கும் நேரத்துக்கு எப்போதும் எல்லை வையுங்கள். டாம்கேட் பூலில் இயல்பாகவே 30 செகண்ட் உண்டு, ஹிகாரி என்ற வேறொரு பூலிலும் 30. டிபிசிபி 2-இல்தான் எல்லை கிடையாது. என் பழக்கம் 5 முதல் 10 செகண்ட். பத்து செகண்டில் இணைப்பு கிடைக்காத பயனருக்குப் பிழைப் பக்கம் காட்டுவதுதான் நல்லது. அவர் விஷயத்தைத் தெரிந்துகொள்வார், லாகில் நமக்கும் ஒரு தடயம் கிடைக்கும், அந்த த்ரெட்டும் விடுபடும்.

8. பூல் பெரிதாக இருந்தால் வேகம் கூடும் என்று நம்பாதீர்கள். நான்கு அடுப்பு உள்ள சமையலறைக்குள் நாற்பது சமையல்காரரை விட்டால் சாப்பாடு சீக்கிரம் வராது. ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் இடிக்கும். டேட்டாபேஸ் சர்வரில் எத்தனை கோர் இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை வேலைகள்தான் ஒரே நேரத்தில் நடக்கும். மற்றவை வரிசையில் நிற்கும், மெமரியையும் லாக்குகளையும் பிடித்துக்கொண்டு. போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டு. நான்கு கோர், ஒரு டிஸ்க் என்றால் 9. முதன்முறை பார்ப்பவர் நம்பமாட்டார். ஹிகாரியின் இயல்பு அளவு 10 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டுங்கள்.

மறுபக்கத்துக் கணக்கையும் போட வேண்டும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 இணைப்பு. போஸ்ட்கிரெஸ் 100, அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. நான்கு டாம்கேட், ஒவ்வொன்றிலும் பூல் 50 என்றால் 200. சாதாரண நாளில் பூல் நிரம்பாததால் பிரச்சினை தெரியாது. பரீட்சை ரிசல்ட் வரும் நாள், தீபாவளி டிக்கெட் திறக்கும் நாள் மாதிரி ஒரு நாளில் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று வந்து நிற்கும். எல்லா டாம்கேட்களின் பூல்களையும், பேக்கப் வேலையையும், ரிப்போர்ட் எடுப்பவரின் கம்ப்யூட்டரையும் கூட்டி ஒரு தாளில் எழுதி, டேட்டாபேஸின் உச்ச எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். புது டாம்கேட் சேர்க்கும்போது அந்தத் தாளை முதலில் திருத்துங்கள்.

9. ஒரே வேலையில் இரண்டு இணைப்புகளைப் பிடிக்கும் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்டரைச் சேமிக்க ஒன்றை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆடிட் பதிவுக்கு இன்னொன்றைக் கேட்கும் கோடு பல இடங்களில் உண்டு. பூலில் 10 இருக்கிறது. ஒரே நொடியில் 10 பேர் வந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால் இரண்டாவது யாருக்கும் கிடைக்காது. யாரும் முதலாவதை விடவும் மாட்டார்கள். பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் காத்துக்கொண்டு நிற்பார்கள். கோடை உடனே மாற்ற முடியாதென்றால், பூல் அளவுக்கு ஒரு கணக்கு: ஒரே நேரத்தில் வரும் த்ரெட்களின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் பிடிக்கும் இணைப்பில் ஒன்றைக் கழித்து வருவதோடு பெருக்கி, ஒன்று கூட்டுங்கள். 10 த்ரெட், தலைக்கு 2 என்றால் 11. அந்த ஒரே ஒரு உபரி இணைப்பு போதும், முடிச்சு அவிழும்.

10. திருப்பிக் கொடுப்பதை ஜாவாவிடமே விடுங்கள். 2011-இல் வந்த ஜாவா 7 முதல் ட்ரை என்று எழுதி அதன் அடைப்புக்குறிக்குள்ளேயே கனெக்‌ஷன், ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றையும் திறக்கலாம். வெளியே வரும்போது திறந்த வரிசைக்கு எதிர்வரிசையில் மூன்றும் தானாக மூடப்படும். நடுவில் பிழை வந்தாலும் மூடப்படும். பழைய கோடில் பெரும்பாலும் குளோஸ் வரி கடைசியில் இருக்கும், நடுவில் ஒரு ரிட்டர்னும் இருக்கும். 'ஆள் இல்லை' என்று ரிட்டர்ன் ஆகும் அந்த ஒரு பாதையில் மட்டும் இணைப்பு கசியும். நாளுக்கு இரண்டு முறை நடந்தால் நான்கு நாளில் 8 இணைப்பும் காலி.

பூலில் வாங்கிய இணைப்பைக் குளோஸ் செய்தால் டேட்டாபேஸ் தொடர்பு அறுந்துவிடுமோ என்று புதிதாக வருபவர்கள் தயங்குவார்கள். அறாது. பூல் கொடுப்பது ஓர் உறை. உறையை மூடினால் உள்ளே இருப்பது பூலுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். தயங்காமல் மூடச் சொல்லிக்கொடுங்கள்.

11. கசிவு எங்கே என்று தெரியவில்லையா? கைவிடப்பட்ட இணைப்பைப் பறிக்கும் வசதி இரண்டு பூல்களிலும் உண்டு. டாம்கேட் பூலில் ரிமூவ்அபாண்டன்ட். டிபிசிபி 2-இல் அதே பெயரோடு ஆன்பாரோ, ஆன்மெயின்டனன்ஸ் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கூடவே லாக்அபாண்டன்ட் என்பதை ட்ரூ என்று வையுங்கள். இணைப்பைப் பறிக்கும்போது அது எந்தக் கிளாஸில், எந்த வரியில் வாங்கப்பட்டது என்று லாகில் முழு ஸ்டாக் ட்ரேஸ் விழும். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி.

கவனிக்க: எத்தனை நேரம் கழித்துப் பறிப்பது என்பது டாம்கேட் பூலில் இயல்பாக 60 செகண்ட், டிபிசிபி 2-இல் 300 செகண்ட். மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்று இரண்டு நிமிடம் ஓடினால், 60 செகண்டில் அதன் கையிலிருந்தும் பறித்துவிடும். அதனால் நீண்ட ரிப்போர்ட்டுகளுக்கு இரண்டு அல்லது மூன்று இணைப்பு கொண்ட தனிப் பூல் ஒன்று வைத்துவிடுவது என் வழக்கம். ரிப்போர்ட் எவ்வளவு நேரம் ஓடினாலும் கவுண்டரில் நிற்பவருக்கு இடைஞ்சல் வராது.

12. 'காலையில் முதலில் வருபவருக்கு மட்டும் பிழை வருகிறது, இரண்டாவது முறை அழுத்தினால் சரியாகிவிடுகிறது' என்று யாராவது சொன்னால், கோடைப் பார்க்கவே வேண்டாம். மைஎஸ்க்யூஎல் 28,800 செகண்ட், அதாவது 8 மணி நேரம் பேசாமல் கிடக்கும் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். பூலுக்கு அது தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸ் பூட்டி, காலை ஏழு மணிக்குக் கூட்ட வருகிறவர் தன் வருகையைப் பதிந்தால், பூல் செத்த இணைப்பை எடுத்து நீட்டும். எட்டு மணி நேரக் கணக்கு என்பதால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இது வராது. வார விடுமுறைக்குப் பின் கட்டாயம் வரும்.

13. அதற்கு மருந்து இரண்டு. கொடுக்கும் முன் சோதிப்பது ஒன்று: டெஸ்ட்ஆன்பாரோ. டிபிசிபி 2-இல் இது இயல்பாகவே இருக்கிறது. டாம்கேட் பூலில் இல்லை, நாம்தான் போட வேண்டும். சோதனைக்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸில் 'செலக்ட் 1' போதும். ஆரக்கிளில் 'செலக்ட் 1 ஃப்ரம் டூயல்'. சோதனை வரியாக உங்கள் பெரிய டேபிளில் கவுண்ட் எடுக்கும் க்வெரியைப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது மருந்து ஆயுள் வரம்பு. எத்தனை நல்ல இணைப்பானாலும் அரை மணிக்கு ஒருமுறை மூடிப் புதிதாகத் திற என்று சொல்வது. ஹிகாரியில் இயல்பே 30 நிமிடம். டாம்கேட் பூலில் மேக்ஸ்ஏஜ், டிபிசிபி 2-இல் மேக்ஸ்கான்லைஃப்டைம்மில்லிஸ். நடுவில் ஃபயர்வால் இருக்கும் இடங்களில் இது மிகவும் உதவும். ஃபயர்வால் சும்மா கிடக்கும் தொடர்பை மறந்துபோகும், இரு பக்கத்துக்கும் சொல்லாது. அதன் கெடுவைவிட ஆயுளைக் குறைவாக வையுங்கள்.

14. யூஆர்எல்லிலும் நேர வரம்பு வையுங்கள். கனெக்ட்டைம்அவுட், சாக்கெட்டைம்அவுட் என்று இரண்டு. மைஎஸ்க்யூஎல் டிரைவரில் சாக்கெட்டைம்அவுட் மில்லி செகண்டில். போஸ்ட்கிரெஸ் டிரைவரில் செகண்டில். ஒன்றிலிருந்து 60 என்ற எண்ணை எடுத்து மற்றதில் ஒட்டினால் ஒரு நிமிடம் என்று நினைத்தது நூறில் ஆறு பங்கு செகண்டாகிவிடும்.

15. மைஎஸ்க்யூஎல் டிரைவர் 8.0.23-க்கு முந்தையதாக இருந்து, சர்வர் இந்திய நேரத்தில் ஓடினால், 'ஐஎஸ்டி என்ற டைம்சோனை அடையாளம் காண முடியவில்லை' என்று இணைப்பே மறுக்கப்படலாம். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் சுருக்கம் ஐஎஸ்டி. யாருடையது என்று டிரைவருக்குத் தெரியாது. யூஆர்எல்லில் சர்வர்டைம்சோன் என்று எழுதி ஏசியா/கொல்கத்தா கொடுங்கள்.

16. தமிழ் எழுத்து கெடாமல் போய்ச் சேர வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய சர்வரில் புது டேபிள் இயல்பாக லாட்டின்1-இல் பிறக்கும். அதில் தமிழ் விழுந்தால் பிழை வரும், அல்லது வரிசையாகக் கேள்விக்குறிகள் பதிவாகும். கேள்விக்குறியாகப் பதிந்த பெயரை எந்த மந்திரத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. ஆளைத் தேடிப்போய் மறுபடி கேட்க வேண்டும். ஒருமுறை மாணவர் பட்டியல் ஒன்றை அப்படி இழந்த பள்ளி ஒன்றுக்காக விண்ணப்பத் தாள்களைப் புரட்டி மறுபடி தட்டச்சு செய்திருக்கிறேன். டேட்டாபேஸ், டேபிள், நெடுவரிசை மூன்றும் யூடிஎஃப்8எம்பி4 தானா என்று முதல் நாளே பாருங்கள்.

நீளத்தையும் பாருங்கள். 'முத்துலட்சுமி' என்ற பெயரில் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 13. ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39 பைட். மைஎஸ்க்யூஎல்லில் வார்சார் 10 என்று வைத்தால் முத்துலட்சுமி நுழைய முடியாது. ஆரக்கிளில் வார்சார்2 என்று போட்டு 20 என்று வைத்தால் இயல்பாக அது 20 பைட். 12899 என்ற எண்ணோடு பிழை வரும். ஆரக்கிளில் எண்ணுக்குப் பக்கத்தில் சார் என்று சேர்த்து எழுதுங்கள். பெயருக்கு 100-க்குக் குறையாமல் ஒதுக்குங்கள். இங்கிலீஷ் பெயருக்கு வைக்கும் அளவு நம் பெயருக்குப் போதாது.

17. அப்ளிகேஷனுக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புக் காரணம் எல்லோரும் சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மைஎஸ்க்யூஎல் 151 நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே வர ஓரிடம் தனியாக வைத்திருக்கிறது. அப்ளிகேஷனே ரூட்டாக வந்தால் அந்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். சர்வர் திணறும் நேரத்தில் நீங்கள் வாசலுக்கு வெளியே நிற்பீர்கள். அப்ளிகேஷனுக்குத் தனி யூசர், அதற்குத் தேவையான டேட்டாபேஸ் மட்டும், படிக்க எழுத மட்டும்.

பாஸ்வேர்டு உள்ள காண்டெக்ஸ்ட் கோப்பு மெட்டா-இன்ஃபில் இருந்தால் அது கோடோடு சேர்ந்து கிட்டுக்குள் போய்விடும். அதனால் நான் கான்ஃப் போல்டர் பக்கம்தான். டாம்கேட் ஓடும் யூசர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி வையுங்கள். டாலர் குறியும் நெளிந்த அடைப்பும் போட்டு, மதிப்பை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுக்கச் சொல்லவும் டாம்கேட்டில் வழி உண்டு.

18. டாம்கேட் 10-க்கு மாறும்போது எல்லா ஜாவாக்ஸையும் ஜகார்த்தா என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். செர்வ்லெட் மாறும். டேட்டாசோர்ஸ் மாறாது, ஏனென்றால் அது ஜாவாவுக்குள்ளேயே இருக்கும் பொருள், ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல் அப்படியே இருக்கட்டும்.

19. ஸ்பிரிங் பூட்டோடு உள்ளடங்கி வரும் டாம்கேட் இந்தக் காண்டெக்ஸ்ட் கோப்பையெல்லாம் படிக்காது. அங்கே அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில்தான் எழுத வேண்டும், பூட் 2.0 முதல் பூல் ஹிகாரி. வெளி டாம்கேட்டில் வாராக வைத்து அதன் பூலைப் பயன்படுத்துவதென்றால் குறிப்பு 4-இல் சொன்ன ஜேஎன்டிஐ பெயரை மட்டும் கொடுங்கள். இரண்டையும் கொடுத்து இரண்டு பூல் ஓட விடாதீர்கள்.

20. ஆட்டோகமிட்டை அணைத்தவர் கமிட்டோ ரோல்பேக்கோ செய்துவிட்டுத்தான் இணைப்பைத் திருப்ப வேண்டும். டிபிசிபி 2 திரும்பி வரும் இணைப்பைத் தானே ரோல்பேக் செய்து சுத்தம் செய்துகொள்ளும். டாம்கேட் பூல் இயல்பாகச் செய்யாது. ரோல்பேக்ஆன்ரிட்டர்ன் என்பதை ட்ரூ ஆக்குங்கள். கழுவாத பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்து வாங்குபவர் சமையலில் அந்த வாசனை ஏறும். போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்தால் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' என்று மணிக்கணக்காகக் கிடக்கும் வரிகள் இப்படி வந்தவைதான்.

21. சர்வர் திணறும்போது பார்க்க வேண்டிய வரிசை: முதலில் மைஎஸ்க்யூஎல்லில் 'ஷோ ப்ராசஸ்லிஸ்ட்'. நிறைய இணைப்பு 'ஸ்லீப்' என்று தூங்குகிறது, ஆனால் அப்ளிகேஷன் இணைப்பு இல்லை என்கிறது என்றால் கசிவு. எல்லாம் க்வெரி ஓட்டிக்கொண்டிருந்தால் கசிவு இல்லை, பெரும்பாலும் ஏதோ ஒரு க்வெரிக்கு இண்டெக்ஸ் இல்லை. அடுத்து ஜேஸ்டாக், பத்து செகண்ட் இடைவெளியில் மூன்று முறை. ஜேகன்சோல் திறந்தால் பூலில் ஆக்டிவ் எத்தனை, ஐடில் எத்தனை என்று எண்ணாகவே தெரியும். ஆள் இல்லாத ராத்திரியிலும் ஆக்டிவ் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவில்லை என்றால், யாரோ வாங்கிய இணைப்பைத் திருப்பவில்லை.

22. புது அப்ளிகேஷன் எதையும் வெளியே விடுமுன், சோதனை சர்வரில் பூல் அளவை 2 என்றும், காத்திருக்கும் நேரத்தை 5 செகண்ட் என்றும் வைத்து, ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். இல்லாத பதிவு எண்ணைத் தேடுங்கள், தவறான தேதி கொடுங்கள், ரத்து பட்டனை அழுத்துங்கள். ஒரே ஆள்தான் இருக்கிறார், இரண்டு இணைப்பு தாராளம். கசியும் பாதை ஒன்று இருந்தாலும் அதை இரண்டு முறை தொட்டவுடன் மூன்றாவது பக்கத்தில் பிழை வந்து நிற்கும். 100 இணைப்புள்ள பூலில் பத்து நாள் கழித்து நடுராத்திரியில் தெரிய வேண்டியது, பட்டப்பகலில் அரை மணியில் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் 2-ஐ மறக்காமல் மாற்றிவிட்டு வாருங்கள்.